கத்திரி வெயிலில் வண்ணமீன்களைக் காப்பது எப்படி?

கறவை மாடும் கொஞ்சம் நன்செயும் வைத்திருக்கும் சிறு விவசாயி, வீட்டின் பின்புறம் நான்கைந்து சிமெண்டுத் தொட்டிகள் கட்டி வண்ணமீன் வளர்ப்பது இன்று புதுமையான செய்தியல்ல. சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பும் விற்பனையும் வேரூன்றிய பிறகு, பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களிலும் பல குடும்பங்கள் இதனைத் துணைத் தொழிலாக ஏற்றுக்கொண்டுள்ளன. இதற்கு அதிக இடம் வேண்டியதில்லை. வீட்டிலிருக்கும் பெண்களே கவனித்துக்கொள்ளலாம். ஆனால் ஆண்டு முழுவதும் பாடுபட்டுச் சேர்த்த லாபத்தைக் கோடைக்காலத்து ஒரே இரவு கொண்டுபோய்விடக் கூடும் என்பதைப் பலர் பட்ட பிறகே அறிகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதக் கடைசியில், காலை ஆறு மணிக்கு எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர் அம்மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் எட்டுத் தொட்டிகளில் மீன் வளர்க்கும் ஓர் அம்மையார். மகளிர் குழுவில் கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர். "ஐயா, ஏஞ்சல் தொட்டியில எல்லாம் மிதக்குது" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

அன்று பிற்பகல் நான் நேரில் சென்றேன். 10 அடி நீளம், 5 அடி அகலமுள்ள தொட்டி. 2 அடி உயரத்திற்கு நீர். அதில் விற்பனைக்குத் தயாரான ஏஞ்சல் மீன்கள் 900 இருந்தன. பள்ளி விடுமுறையில் நல்ல விலை கிடைக்கும் என்று விற்காமல் வைத்திருந்தார். முதல் நாள் பகல் முழுவதும் தொட்டியருகே காவல் நின்றிருக்கிறார். வெயில் ஏற ஏற ஆழ்குழாய் நீரை எடுத்து ஊற்றியிருக்கிறார். ஒரு மீன் கூடச் சாகவில்லை. மாலையில், வாடிப்போன மீன்கள் தெம்படையட்டும் என்று வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தீனி போட்டிருக்கிறார். இரவு பத்து மணிக்கு மின்சாரம் நின்றது. பகல் முழுதும் நின்ற களைப்பில் அவர் உறங்கிவிட்டார். விடிந்தபோது ஏஞ்சல் தொட்டியில் பிழைத்தவை நூறு கூட இல்லை.

பக்கத்துத் தொட்டியைப் பார்த்தேன். அதே அளவுத் தொட்டி, அதே தண்ணீர், அதே வெயில், அதே மின்தடை. அதிலிருந்தவையும் ஏஞ்சல் மீன்களே. ஆனால் பாதியை முந்தின வாரம் விற்றுவிட்டபடியால் 400 மீன்களே இருந்தன. தீனி தீர்ந்துபோனதால் அன்று மாலை அவற்றிற்குத் தீனி போடவில்லை. அந்தத் தொட்டியில் ஒரு மீன் கூட இறக்கவில்லை.

கோடை மேலாண்மை பற்றி நாம் அறிய வேண்டிய பாடம் முழுவதும் இந்த இரண்டு தொட்டிகளில் அடங்கியிருக்கிறது. வெயில் மட்டும் கொல்லுமானால் இரண்டு தொட்டிகளும் அழிந்திருக்க வேண்டும்.

இதில் என் பங்குத் தவறும் உண்டு. முந்திய ஆண்டு அந்த ஊரில் நடந்த பயிற்சியில், "நண்பகல் வெயில் படாமல் பந்தல் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். இரவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மீன் சாவது ஏன்?

மீன் தன் செவுள்கள் வழியாக, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் சுவாசிக்கிறது. நீர் குளிர்ந்திருந்தால் அதில் பிராணவாயு மிகுதியாகக் கரையும்; சூடேறினால் குறைவாகவே கரையும். 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9.1 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 25 டிகிரியில் இது 8.2 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5; 35 டிகிரியில் 6.9 மட்டுமே. இதற்கு மேல் எவ்வளவு காற்றடித்தாலும் சாதாரணமாக நீர் ஏற்காது.

இது வரவுக் கணக்கு. செலவுக் கணக்கையும் பார்ப்போம். மீனுக்கு நம்மைப்போல் நிலையான உடல் வெப்பம் கிடையாது. நீர் சூடேறினால் மீனின் உடலும் சூடேறும்; உடலின் இயக்கங்கள் விரைவுபடும். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் மீனின் பிராணவாயுத் தேவை ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆகவே கோடையில் வரவு குறைகிறது, செலவு இரட்டிப்பாகிறது. தொட்டியில் அழுகும் தீனியும் கழிவும் வேறு பங்குக்கு வருகின்றன. அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் சூட்டில் பல்கிப் பெருகி அதே பிராணவாயுவைத்தான் செலவிடுகின்றன.

பச்சை நிறமேறிய தொட்டிகளில் இன்னொரு செலவும் உண்டு. நீரிலுள்ள பாசி பகலில் வெயிலைக்கொண்டு பிராணவாயுவை உண்டாக்குகிறது. அதனால்தான் நண்பகலில் நீர் சூடாக இருந்தும் மீன்கள் தாக்குப்பிடிக்கின்றன. பொழுது சாய்ந்ததும் பாசியின் உற்பத்தி நின்றுவிடும். பிறகு இரவு முழுவதும் பாசியும் மீனோடு சேர்ந்து பிராணவாயுவைச் செலவழிக்கும். இரவு ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும் பிராணவாயு, விடியற்காலை 4 மணி முதல் 6 மணிக்குள் மிகத் தாழ்ந்த நிலையை அடைகிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் மீன்கள் சுகமாக இருக்கும். 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் திணறும். 2 மில்லிகிராமுக்கும் குறைந்தால் பலவகை மீன்கள் பிழைப்பது அரிது.

எனவே நண்பகலில் மட்டும் காவல் நின்று, இரவில் உறங்கிவிடுவது தலைமாட்டைக் காத்துக் கால்மாட்டைத் திருடனுக்குத் திறந்துவிட்டது போலாகும்.

பகலில் பதுங்கும் நஞ்சு

பகலில் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. மீனின் கழிவிலிருந்தும் அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. இதில் ஒரு பகுதி மட்டுமே மீனுக்குக் கொடிய நஞ்சு. அந்த நஞ்சுப் பகுதி எவ்வளவு என்பதை நீரின் வெப்பமும் காரத்தன்மையும் முடிவு செய்கின்றன. கார அமில நிலை 7 ஆக உள்ள நீரில், 30 டிகிரி வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே நஞ்சாக இருக்கும். கார அமில நிலை 8 ஆனால் இது சுமார் 7 அல்லது 8 பங்காகிறது. 9 ஆகிவிட்டால் ஏறத்தாழ 45 பங்கு நஞ்சாகிவிடும்.

பச்சைத் தண்ணீரில் பாசியானது கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால், பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை காரத்தன்மை உச்சத்தை எட்டும். வெப்பமும் அப்போதுதான் உச்சம். அந்நேரம் அம்மோனியாவும் மிகுதியாக இருந்தால் மீனின் செவுள்கள் புண்ணாகின்றன. புண்ணான செவுளோடு இரவுப் பிராணவாயுக் குறைவைச் சந்திக்கும் மீன் எப்படித் தாங்கும்?

ஆக, பகல் நஞ்சும் இரவுத் திணறலும் பிறப்பது ஒரே இடத்தில்தான்: மிகுதியான மீன், மிகுதியான தீனி. வெயிலைக் குறைக்க நம்மால் இயலாது. 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. அத்தகைய நாளை நாம் தடுக்க முடியாது. ஆனால் கூட்டத்தையும் தீனியையும் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

எந்த மீன் எவ்வளவு தாங்கும்?

வெப்பநாட்டு மீன்கள்தாமே, வெயில் அவற்றிற்குப் பழக்கம்தானே என்று சிலர் கேட்பதுண்டு. ஏஞ்சல் மீனின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. அங்கே பரந்த நீரும் அடர்ந்த காட்டு நிழலும் உண்டு. ஆண்டு முழுவதும் நீரின் வெப்பம் அதிகம் ஏறாது, இறங்காது. நிழலின்றி ஓரடி நீர் மட்டுமே தேங்கிய தொட்டியிலோ விடியற்காலையில் 28 டிகிரியாக இருப்பது பிற்பகலில் 36 டிகிரிக்கு ஏறியதை நானே அளந்து பார்த்திருக்கிறேன். இந்த ஏற்ற இறக்கம் அம்மீன்களுக்குப் பழக்கமற்றது.

பொதுவாக, நாம் வளர்க்கும் வண்ணமீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி வரை உகந்தது. 30 டிகிரி வரை பெரும்பாலானவை தாங்கும். 32 டிகிரியைத் தாண்டினால் எச்சரிக்கை தேவை. 34 டிகிரிக்கு மேல் ஆபத்து.

கப்பி, மோலி ஆகியவை ஓரளவு சூடு தாங்கும். ஏஞ்சல், டிஸ்கஸ் ஆகியவை 30 டிகிரியில் நன்றாகவே இருக்கும். ஆனால் நீர் கெடுவதைத் தாங்கா. தங்கமீன், கோய் கெண்டை, பிளாட்டி ஆகியவை குளிர்ச்சியை விரும்புபவை. இவற்றிற்கே முதலில் நிழல் தர வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளைச் சேர்ந்த 'மிஸ் கேரளா' மீன் ஓடும் குளிர்ந்த நீருக்குப் பழகியது. கடுங்கோடை நிலவும் சமவெளியில் சிறு விவசாயிகள் அதனைத் தவிர்ப்பது நலம். சண்டை மீனுக்கும் கௌராமிக்கும் நீருக்கு மேலுள்ள காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் தனி உறுப்பு உண்டு. பிராணவாயுக் குறைவை அவை தாங்கும். ஆகவே காற்றேற்றும் கருவி குறைவாக உள்ளவர்கள் கோடையில் இவற்றை வளர்க்கலாம். ஆயினும் தொட்டியை முழுவதும் மூடிவிட்டால் இவையும் மடியும்.

பங்குனியிலேயே கூட்டத்தைக் குறையுங்கள்

கோடைக் காப்பு, கத்திரி பிறந்த பின் தொடங்கும் வேலையல்ல. பங்குனி மாதத்திலேயே தொடங்க வேண்டும். விற்பனைக்குத் தயாரானவற்றில் ஒரு பகுதியை அப்போதே விற்றுவிடுவது மிகச் சிறந்த பாதுகாப்பு. விடுமுறை விலைக்காக எல்லாவற்றையும் நிறுத்தி வைப்பது, நெல் முற்றிய பிறகும் அறுக்காமல் மழையை எதிர்பார்த்து நிற்பதற்குச் சமம். வழக்கமாக விடும் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கையாவது குறைக்க வேண்டும். விற்க முடியாதவற்றைக் காலித் தொட்டிகளில் பிரித்து விடலாம். விற்கத் தகாத ஊனமுற்ற மீன்களையும் கழிக்கப்பட்ட தாய்மீன்களையும் வைத்துக்கொண்டு நல்ல மீனின் மூச்சைப் பங்கு போடுவது வீண்.

இதே மாதத்தில் தொட்டியின் அடியில் தங்கிய கசடு முழுவதையும் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றிவிட வேண்டும். அந்தக் கசடு நீரை வீணாக்காமல் வாழைக்கோ தென்னைக்கோ கீரைப் பாத்திக்கோ பாய்ச்சலாம்.

பந்தல் அமைக்கும் முறை

தொட்டிக்கு மேல் 6 முதல் 7 அடி உயரத்தில் தென்னங்கீற்றுப் பந்தலோ, நிழல்வலையோ அமைக்கலாம். வெளிச்சத்தில் பாதி முதல் முக்கால் பங்கு வரை தடுக்கும் வலை போதும். மேற்குப் பக்கம் பிற்பகல் வெயில் சாய்வாக விழுமாதலால் அப்பக்கம் ஒரு தட்டி கட்ட வேண்டும். மற்றப் பக்கங்களில் காற்று தாராளமாக வர வேண்டும்.

பிளாஸ்டிக் தாளையோ தகரத்தையோ நீர்மட்டத்தை ஒட்டிப் போட்டு மூடுவது பெருந்தவறு. அதனால் சூடு உள்ளேயே தங்கும். காற்றும் நீரில் கலக்காது. ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை போன்ற மிதவைச் செடிகள் நிழல் தரும் என்று தொட்டி முழுவதும் பரவவிடுவோரும் உண்டு. நீர்ப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவற்றை விடலாகாது.

நீரின் ஆழத்தையும் கூட்டுங்கள். ஓரடி நீர் விரைவில் கொதிக்கும். 2 அடி நீர் மெதுவாகச் சூடேறும். மண்தொட்டியாயின் 3 அடிக்குக் குறையாமல் நீர் நிறுத்துவது நன்று.

பனிக்கட்டியா, காற்றா?

சூடேறிய தொட்டியில் பனிக்கட்டியைப் போடலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். மேலே சொன்ன 10 அடிக்கு 5 அடித் தொட்டியில் 2 அடி நீர் என்பது சுமார் 2,800 லிட்டர். இதன் வெப்பத்தை ஒரே ஒரு டிகிரி குறைக்க 2,800 கிலோ காலரி வெப்பத்தை நீக்க வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகி அந்நீரின் சூட்டை அடையும் வரை ஏற்பது சுமார் 110 கிலோ காலரி. ஆக, ஒரு டிகிரிக்கு 25 கிலோ பனிக்கட்டி வேண்டும். பணம் செலவாகும். பனிக்கட்டியைச் சுற்றியுள்ள நீர் திடீரென்று குளிர்வதால் மீனுக்கு அதிர்ச்சியும் ஏற்படும். சிறிது நேரத்தில் சூடு பழையபடி திரும்பிவிடும்.

இப்போது மண்பானையை நினைத்துப் பாருங்கள். பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோ காலரி வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. அதே தொட்டியில் 5 லிட்டர் நீர் ஆவியானால் ஒரு டிகிரி குறையும். 25 கிலோ பனிக்கட்டி செய்யும் வேலையை 5 லிட்டர் நீர் காசில்லாமல் செய்துவிடுகிறது! அத்தொட்டியில் நீர்மட்டம் அரை சென்டிமீட்டர் வற்றுவது என்றால் 23 லிட்டர் நீர் ஆவியாவதாகும்.

ஆகவே நீர்ப்பரப்பின் மீது காற்று வீச வழி செய்வதே மலிவான குளிர்ச்சி. தொட்டியின் வெளிச்சுவர்களில் சாக்கைக் கட்டி, நாளுக்கு மூன்று நான்கு முறை நனைத்து வரலாம். நீரைக் குழாய் மூலம் மேலேற்றி, பூவாளி போல் சிதறி விழச் செய்தால் நீர் குளிர்வதோடு பிராணவாயுவும் கலக்கும். கடலோரப் பகுதிகளில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நாட்களில் ஆவியாதல் குறையும். அங்கே நிழலையே அதிகம் நம்ப வேண்டும்.

தண்ணீர் மாற்றுவதில் கவனம்

வற்றிய நீருக்கு ஈடாகப் புதுநீர் ஊற்றிக்கொண்டே வந்தால் போதும் என்று எண்ணக்கூடாது. ஆவியாவது நீர் மட்டுமே; அதிலுள்ள உப்புகள் தொட்டியிலேயே தங்கிச் செறிவடையும். எனவே வாரம் இருமுறை, அடிநீரில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை வெளியேற்றிவிட்டுப் புதுநீர் விட வேண்டும்.

நீர் மாற்ற ஏற்ற நேரம் விடியற்காலை. நண்பகலில் தொட்டி நீர் 35 டிகிரியாக இருக்க, ஆழ்குழாய் நீர் அதைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். திடீரென்று ஊற்றினால் மீன் அதிர்ச்சி அடையும். விடியற்காலையில் இரண்டு நீரின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். மீனுக்குப் பிராணவாயு மிகவும் தேவைப்படும் நேரமும் அதுவே. எப்போது மாற்றினாலும் தொட்டியின் வெப்பம் ஒரே முறையில் 2 டிகிரிக்கு மேல் மாறாதபடி சிறு தாரையாக விட வேண்டும்.

ஆழ்குழாய் நீரில் பிராணவாயு மிகக் குறைவு. கரியமில வாயு மிகுந்திருக்கலாம். அந்த நீரை நேரே மீன் தொட்டிக்குள் விடாமல் வேறொரு தொட்டியில் ஒரு நாள் நிறுத்திக் காற்றேற்றிய பின் பயன்படுத்துக. அவசரத்தில் விட நேர்ந்தால் உயரத்திலிருந்து சிதறி விழும்படி செய்க. வெயிலில் கிடக்கும் ரப்பர் குழாயில் தேங்கிய நீரும், மாடியிலுள்ள கறுப்புத் தொட்டி நீரும் கை பொறுக்காத சூடாக இருக்கும். முதலில் வரும் நீரைக் கீழே விட்டு, கையால் தொட்டுப் பார்த்த பிறகே தொட்டிக்குள் திருப்ப வேண்டும்.

நகராட்சிக் குடிநீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்துக் காற்றேற்றுவது நல்லது. உடனே பயன்படுத்த வேண்டுமாயின் ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் இடலாம். ஒரு மில்லிகிராம் குளோரினை நீக்கச் சுமார் 7 மில்லிகிராம் ஹைப்போ தேவை. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் உள்ள 1,000 லிட்டர் நீருக்கு 7 கிராம் என்பது கணக்கு.

தீனியைக் குறைப்பது குற்றமல்ல

வாடிய மீனைக் கண்டதும் தீனி போடத் தோன்றுவது தாயுள்ளம். ஆனால் கோடையில் அதுவே வினையாகிவிடும். உண்ட தீனியைச் செரிக்க மீனுக்கு மேலும் பிராணவாயு வேண்டும். உண்ணாத தீனி அழுகி மிச்சமிருப்பதையும் கெடுக்கும். வளர்ந்த மீன் ஓரிரு நாள் பட்டினி கிடந்தால் சாவதில்லை. ஆனால் மூச்சு முட்டினால் ஒரு மணி நேரம் கூடத் தாங்காது.

நீர் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். 34 டிகிரியைத் தாண்டினால் அன்று தீனியை நிறுத்திவிடுங்கள். காலை 8 மணிக்கு மேல், நீரில் பிராணவாயு ஏறிய பிறகு தீனியிடுவது நல்லது. மாலைத் தீனியை 4 மணிக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது. ஐந்து நிமிடத்தில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவே சரியான அளவு. டியூபிஃபெக்ஸ் எனும் சிவப்புப் புழுவை இடும்போது, இறந்த புழுக்களைக் கழுவி நீக்கிவிடுக. வெயிலில் அவை விரைந்து அழுகும். சிறு குஞ்சுகளை மட்டும் பட்டினி போடலாகாது. அவற்றிற்குச் சிறிது சிறிதாக, பலமுறை இட வேண்டும். அத்தொட்டிகளில் நெரிசலும் கூடாது.

இரவுக் காவல்

கையில் ஒரே ஒரு காற்றேற்றும் கருவி இருந்தால், அதைப் பகலில் ஓட்டுவதைவிட இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை ஓட்டுவது பயன் தரும். மின்சாரம் நின்றால் தானே இயங்கும் மின்கலக் கருவி ஒன்றை வாங்கி வைப்பது, ஒரு தொட்டி மீனின் விலையோடு ஒப்பிடுகையில் பெரிய செலவல்ல. எல்லாத் தொட்டிகளுக்கும் அது போதாதெனில் நெரிசல் மிகுந்த தொட்டிக்கு முதலிடம் தருக.

மின்சாரமும் இல்லை, மின்கலமும் இல்லை என்றால் இரண்டு கைகள் இருக்கின்றன. ஒரு வாளியால் தொட்டி நீரை முகந்து 2 அடி உயரத்திலிருந்து அந்தத் தொட்டியிலேயே ஊற்றுங்கள். பத்து நிமிடம் ஊற்றி, சிறிது ஓய்ந்து, மீண்டும் ஊற்றுங்கள். வீட்டிலுள்ளவர்கள் மாறி மாறிச் செய்தால் விடியும் வரை மீனைக் காப்பாற்றிவிடலாம். அடிக்கசடைக் கலக்கிவிடாமல் மேல்நீரை மட்டும் முகக்க வேண்டும்.

மீனின் நிலையை மீனே சொல்லும். எல்லா மீன்களும் மேல்மட்டத்திற்கு வந்து வாய் பிளந்து காற்றைக் கவ்வுவது, செவுள் மூடிகள் விரைந்து அசைவது, நீர் விழும் மூலையில் கூடி நிற்பது ஆகியவை பிராணவாயுக் குறைவின் அடையாளங்கள். பெரிய மீன்களே பெரும்பாலும் முதலில் பலியாகும். இவ்வடையாளங்களைக் கண்டவுடன் தீனியை நிறுத்திக் காற்றேற்றி, அடிநீரில் ஐந்தில் ஒரு பங்கை மாற்ற வேண்டும். இறந்த மீன்களை அப்போதே அகற்ற வேண்டும்.

மருந்து மீது நம்பிக்கை வேண்டாம்

சூட்டில் இளைத்த மீன்களை பாக்டீரியா நோய்கள் எளிதில் தாக்கும். வாயைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்படலம், துடுப்பு அரிப்பு, உடற்புண் ஆகியவை தோன்றும். உடனே கடையில் கிடைக்கும் மருந்தையெல்லாம் கொட்டுவது தவறு. ஃபார்மலின் போன்றவை நீரிலுள்ள பிராணவாயுவையே குறைத்துவிடும். கடும் வெயில் நாளில் அது நோயைவிடக் கொடியது. நோயுற்ற மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றுவதும், நல்ல நீரும், நெரிசல் குறைப்புமே முதல் சிகிச்சை. அயோடின் கலவாத கல் உப்பை 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் கரைத்து விட்டால் மீனின் அயர்ச்சி குறையும். மேற்கொண்டு அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலரைக் கலந்து செய்வதே முறை.

விற்பனைக்கு அனுப்பும்போது

பொதி கட்டுவதற்கு முந்திய 24 மணி நேரம் தீனி கொடுக்கக் கூடாது. உறையில் ஒரு பங்கு நீரும் இரண்டு அல்லது மூன்று பங்கு பிராணவாயுவும் இருக்கட்டும். குளிர்காலத்தில் உறைக்கு 100 மீன் அனுப்பியவர் கோடையில் 60 அனுப்பினால் போதும். மாலையில் கட்டி இரவில் அனுப்புக. தெர்மோகோல் பெட்டிக்குள், செய்தித்தாளில் சுற்றிய சிறு பனிக்கட்டிப் பொட்டலத்தை உறைகளின் மேல் வைக்கலாம். பனிக்கட்டி நீரைத் தொடக்கூடாது. பெட்டிக்குள்ளிருக்கும் காற்றைக் குளிர்வித்தால் போதும். வாங்கிய மீனைத் தொட்டியில் விடுமுன், உறையோடு 20 நிமிடம் நீரில் மிதக்கவிட வேண்டும்.

வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கு

வீட்டில் அழகுக்காகக் கண்ணாடித் தொட்டி வைத்திருப்போர், அதை வெயில் விழும் சன்னலருகிலிருந்து நகர்த்த வேண்டும். விளக்கைப் பகலில் அணைத்து வைக்கலாம். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை மூடி போட்டு, நீர்ப்பரப்பின் மீது காற்று படும்படி சிறிய மேசை விசிறியை வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஈரக்கையோடு விசிறியைத் தொடாதீர்கள்.

முடிவாக ஒரு சொல்

ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கி வையுங்கள். விடியற்காலை 5 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் நீரின் வெப்பத்தை அளந்து எழுதி வாருங்கள். இரண்டே வாரத்தில் உங்கள் தொட்டியின் குணம் உங்களுக்குப் புரிந்துவிடும். சந்தேகம் எழுந்தால் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையோ, 2012-ல் அமைந்த மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நிலையங்களையோ அணுகலாம். 1977-ல் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ்த் தூத்துக்குடியில் தொடங்கிய மீன்வளக் கல்லூரியும் இன்று அப்பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது.

தொலைபேசியில் அழுத அந்த அம்மையார் தொழிலைக் கைவிடவில்லை. அடுத்த ஆண்டு பங்குனியிலேயே மூன்றில் ஒரு பங்கு மீனை விற்றார். விலை கொஞ்சம் குறைவுதான். மேற்கே தட்டி கட்டினார். கத்திரி முடியும் வரை அவரும் மகனும் விடியற்காலை 4 மணிக்கு முறை வைத்து எழுந்து தொட்டிகளைப் பார்த்தார்கள். இருமுறை மின்சாரம் நின்றபோது வாளியால் ஊற்றியே கரையேற்றிவிட்டார்கள். கத்திரி கழிந்த மறுநாள் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். "ஐயா, இந்த வருஷம் எண்ணி எடுத்துப் போடறதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

வண்ணமீன் வளர்க்கும் ஒவ்வொருவரும் இக்கோடையில் அவ்வாறு சொல்லும்படி ஆகட்டும்.